வராத கோரிக்கைகளின் கணக்கு

சட்டப் புத்தகத்தில் 20.32 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு இருக்கிறது. வெட்டுப்பட்ட கையைத் தோள் எலும்பின் நுனியிலிருந்து அளக்கிறார்கள். மிச்சமிருக்கும் பகுதி இந்த நீளத்துக்கும் குறைவாக இருந்தால், தொழிலாளியின் சம்பாதிக்கும் திறனில் 80 சதவீதம் போய்விட்டது என்று கணக்கு. அதைவிட நீளமாக இருந்து, முழங்கை முனைக்குக் கீழே 11.43 சென்டிமீட்டருக்குள் வெட்டு விழுந்திருந்தால் 70. அதற்கும் கீழே என்றால் 60.

இரண்டு தசம இடம் வரை இவ்வளவு துல்லியம் எங்கிருந்து வந்தது? 20.32 என்பது 8 அங்குலம். 11.43 என்பது நாலரை அங்குலம். அங்குலக் காலத்தில் யாரோ உத்தேசமாக வைத்த எல்லையை மெட்ரிக் அளவுக்கு மாற்றியபோது, பெருக்கலில் வந்த தசமம் அப்படியே ஒட்டிக்கொண்டது. கணினித் திரையில் ஒரு மனிதரின் இழப்பீட்டுக் கோப்புக்கு எதிரே, முன்கணிப்பு மாதிரி போட்ட 0.73 என்று ஒரு மதிப்பெண் மின்னும்போதெல்லாம் எனக்கு இந்த 20.32 ஞாபகத்துக்கு வரும்.

1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் 1948ஆம் ஆண்டின் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும் இந்த அட்டவணை இருந்தது. இரண்டு சட்டங்களும் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. அட்டவணைக் கணக்கு மாறவில்லை. கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு தப்பி நுனி மட்டும் நறுக்குண்டால் 5. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் ஒரே விலை, 7. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. வலது கையா இடது கையா என்று அட்டவணை கேட்பதில்லை.

இதை விரலின் விலைப்பட்டியல் என்றுதான் தொழிலாளிகள் சொல்வார்கள். உண்மையில் இது ஒரு முன்கணிப்பு. ஆள்காட்டி விரல் இல்லாதவர் இனி ஆயுள் முழுக்க 14 சதவீதம் குறைவாகச் சம்பாதிப்பார் என்று சட்டம் ஆரூடம் சொல்கிறது. அந்த ஆரூடத்தோடு இன்னொன்றும் சேரும். மாதாமாதம் தர வேண்டியதை மொத்தத் தொகையாக மாற்ற, வயதுக்கு ஒரு காரணி வைத்திருக்கிறார்கள்: 25 வயதுக்கு 216.91, 40 வயதுக்கு 184.17, 60 வயதுக்கு 117.41. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வாங்கும் 25 வயதுக்காரர் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரலை இழந்தால், சம்பளத்தில் 60 சதவீதமான 9,000ஐ 216.91ஆல் பெருக்கி அதில் 14 சதவீதம் எடுக்க வேண்டும்: 2,73,307 ரூபாய். பக்கத்து மெஷினில் நிற்கும் 40 வயதுக்காரருக்கு அதே விரல் 2,32,054 ரூபாய். ஈஎஸ்ஐ வழியில் மொத்தத் தொகை கிடையாது. நாள் கூலி 500 என்றால் அதில் 90 சதவீதம் 450, அந்த 450இல் 14 சதவீதம் 63 ரூபாய். நாளொன்றுக்கு 63 வீதம், மாதம் 1,890 ரூபாய் போல, உயிரோடு இருக்கும் வரை வரும்.

முன்கணிப்பு மாதிரி, செயற்கை நுண்ணறிவு, காப்பீட்டுக் கோரிக்கை மேலாண்மை என்று இன்று பேசுகிறவர்கள் இதைப் புதிதாக வந்த சங்கதியாகவே பேசுகிறார்கள். நூறு வருடமாகத் தொழிலாளியின் உடம்பை முன்கணித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பழைய மாதிரியில் ஒரு நல்ல குணம் இருந்தது: அதன் எண்கள் அச்சில் இருந்தன. பிடிக்காவிட்டால் வழக்குப் போடலாம்.

ஒருவர் போட்டார். ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா கொட்டகைக்கு அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் அவர். 1968 ஜூலையில் கீழே விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி அது முழு ஊனம் ஆகாது, அதற்கான பத்தியில் 70 என்றுதான் இருக்கிறது என்பது முதலாளி தரப்பின் வாதம். 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது. ஆகவே இழப்பு 100. பின்னால் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், உடம்பு இழந்தது வேறு, பிழைப்பு இழந்தது வேறு என்பதை நீதிமன்றம் இன்னும் விரித்துச் சொன்னது. அதே இடது கை போனால் ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய எல்லாமே போயிற்று. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலே இருக்கலாம். சராசரியைச் சொல்வது அட்டவணையின் வேலை. இந்த மனிதர் அந்தச் சராசரியில் அடங்குகிறாரா என்று பார்ப்பது மெடிக்கல் போர்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஈஎஸ்ஐ நீதிமன்றம் என்ற படிகளின் வேலை.

கும்மிடிப்பூண்டியை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மூர் மார்க்கெட்டில் புறநகர் ரயில் ஏறினால் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி வரும். சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் மில்கள், வார்ப்படப் பட்டறைகள். மேற்கே தேர்வாய் கண்டிகையில் டயர்த் தொழிற்சாலையோடு புதிய சிப்காட். திருவள்ளூர் பக்கம் காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் அடித்துத் தரும் சிறு பட்டறைகள். மில்லில் கொதிக்கும் கம்பி உருளைக்குள் போகாமல் வழி தவறி வெளியே சீறும். இடுக்கியோடு நிற்பவருக்கு ஒதுங்க ஒரு நொடிதான். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் பொத்தான் அழுத்தினால்தான் இறங்கும்படி வைத்திருப்பார்கள். உற்பத்தி எண்ணிக்கை நெருக்கும் நாளில் ஒரு பொத்தானைக் கட்டிவிடுவதும் நடக்கும். இந்த வேலைகளில் பெரும்பகுதியைக் கான்ட்ராக்டர் வழியாக வந்த ஒடிசா, பீகார், ஜார்கண்ட், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். ஜெய்ப்பூர்த் தச்சரின் பேரன் வயதுள்ளவர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை இவர்களுக்குக் குறையொன்றும் இல்லை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் எல்லோரும் ஈஎஸ்ஐயில் வருவார்கள். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். கான்ட்ராக்ட் ஆளானாலும் பங்களிப்பைக் கட்டும் முதற்பொறுப்பு முதன்மை முதலாளிக்கு. வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் பயன் உண்டு. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தையும் 2010 திருத்தம் சேர்த்துக்கொண்டது. முதலாளி பணம் கட்டாமல் ஏமாற்றியிருந்தால் ஈஎஸ்ஐ கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1944இல் பேராசிரியர் பி.பி. அடார்கர் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் தொடங்கிய இந்தத் திட்டம், ஏட்டளவில் உலகத்தின் நல்ல திட்டங்களோடு நிற்கக்கூடியது.

சரி, இப்படிப்பட்ட திட்டத்துக்கு மேல் ஒரு முன்கணிப்பு மாதிரியை வைத்தால் அது என்ன செய்யும்?

காப்பீட்டுக் கணிதம் நீண்டகால நோயையும் ஊனத்தையும் எப்போதும் ஒரே கேள்வியாகத்தான் பார்த்திருக்கிறது: இந்தக் கோப்பு எப்போது மூடும்? இங்கிலாந்தின் மான்செஸ்டர் யூனிட்டி என்ற தொழிலாளர் நட்புறவுச் சங்கத்தின் 1893 முதல் 1897 வரையிலான நோய்ப் பதிவுகளை ஆல்ஃபிரட் வாட்சன் 1903இல் வயதுவாரியாக, தொழில்வாரியாக அட்டவணையிட்டார். சுரங்கத் தொழிலாளி எத்தனை வாரம் படுப்பார், தோட்டக்காரர் எத்தனை வாரம் படுப்பார் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். 1958இல் கப்லானும் மெய்யரும், 1972இல் டேவிட் காக்ஸும் கொடுத்த புள்ளியியல் முறைகள் அந்த அட்டவணையைச் சமன்பாடாக்கின. இன்றைய மாதிரிகள் அந்தச் சமன்பாட்டின் இடத்தில் ஆயிரக்கணக்கான முடிவு மரங்களை வைக்கின்றன. உள்ளே போவது அதேதான்: வயது, வேலை, சம்பளம், காயத்தின் குறியீட்டெண், விபத்துக்கும் தகவலுக்கும் இடையில் போன நாட்கள், முந்தைய விடுப்புகள். வெளியே வருவதும் அதேதான்: இவர் 30 நாளில் திரும்புவாரா, 90 நாள் ஆகுமா, நிரந்தர ஊனமாக முடியுமா, இதற்கு எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஒதுக்கீட்டுக் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஈஎஸ்ஐ கழகம் ஆயுள்காலப் பயன்களுக்கென்று நிதி ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. சொத்தையும் கடனையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மதிப்பிடவும் வேண்டும். 2010 திருத்தத்துக்கு முன் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அங்கே கணிப்பு கூடிக் குறைந்தால் பேரேட்டில் திருத்திக்கொள்ளலாம். தனித்தனி ஆளின் கோப்பில் மாதிரி கை வைக்கும்போதுதான் அது எதிலிருந்து கற்றது என்று பார்க்க வேண்டியதாகிறது.

கற்பது கோப்பிலிருந்து. கோப்பு எப்படி மூடுகிறது என்று பாருங்கள். தற்காலிக ஊனப் பயன் வாங்க, டிஸ்பென்சரி மருத்துவரிடம் குறித்த இடைவெளியில் சான்று வாங்கிக் கிளை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். கடைசியில் வேலைக்குத் தகுதி என்று ஒரு சான்று. டிஸ்பென்சரி மாநில அரசுடையது, பணம் தருவது கழகம். இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டியவர் அடிபட்டவர். கட்டுப்போட்ட கையோடு, மொழி தெரியாத ஊரில், சமைத்துத் தர ஆளில்லாத ஓர் இளைஞரை வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறார். சென்னையிலிருந்து ஹௌரா போகும் வண்டி அவர் வேலை பார்த்த சிப்காட்டை ஒட்டிய தண்டவாளத்தில்தான் போகும், அங்கே நிற்காது. அடுத்த வாரம் சான்று வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கோப்பு தூங்குகிறது. கணினிக்கு அது 23 நாளில் முடிந்த கோரிக்கை.

விரல் ஆறியதா, சீழ் பிடித்ததா, மெடிக்கல் போர்டுக்குப் போயிருந்தால் 14 கிடைத்திருக்குமா என்ற எதுவும் அந்த வரியில் இல்லை. கப்லான்–மெய்யர் முறைக்கு ஓர் அடிப்படை அனுமானம் உண்டு. கண்காணிப்பிலிருந்து நடுவில் விலகிப் போனவர்களும் தொடர்ந்து இருப்பவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்பது அது. கும்மிடிப்பூண்டியில் அது செல்லாது. விலகிப் போனவர் விலகிப் போனதற்குக் காரணமே காயம் மோசமாக இருந்ததுதான். அதைக் குணம் என்று படிக்கும் மாதிரி, ‘ஒடிசாவிலிருந்து வந்த 20 முதல் 30 வயதுக்காரர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள்’ என்று ஒரு விதியைக் கண்டுபிடிக்கும். அடுத்த முறை அதே ஊர்க்காரர் ஒருவர் 60 நாள் சான்றோடு வந்தால், அவர் கோப்பில் சிவப்புக் குறி விழும்.

இது என் கற்பனை பயம் இல்லை என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. அங்கே மருத்துவமனைகள் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய ஒரு மாதிரியை சியாத் ஓபர்மேயரும் சகாக்களும் ஆராய்ந்து 2019இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். மாதிரிக்கு நோயை அளக்கத் தெரியவில்லை. மருத்துவச் செலவை அளந்தது. கறுப்பினத்தவருக்கு நோய் இருந்தும் செலவு குறைவாகவே நடந்திருந்தது. ஆகவே மாதிரி அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று வரிசைப்படுத்தியது. அதைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5க்கு ஏறும் என்று கண்டார்கள். மாதிரியை எழுதியவர்கள் யாரும் நிறத்தை அதற்குள் போடவில்லை.

கோப்பே திறக்காதவர்களின் கதை இன்னும் பெரியது. இந்தியாவின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 2017க்கும் 2020க்கும் இடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 3 பேர் இறந்தார்கள், 11 பேர் காயமடைந்தார்கள் என்பது மத்திய அரசின் தொழிற்சாலை ஆலோசனைத் தலைமை இயக்ககம் திரட்டிய எண்களிலிருந்து வரும் கணக்கு. ஒரு மரணத்துக்கு நாலு காயம்கூட இல்லை. பிரிட்டனில் 2022–23இல் வேலையிடத்தில் 135 பேர் இறந்தார்கள். முதலாளிகள் சட்டப்படி தெரிவித்த காயங்கள் 60,000க்கும் மேல். அங்கே ஒரு மரணத்துக்கு நானூறுக்கும் அதிகம். நம் தொழிற்சாலைகளில் அடிபட்டவர்களில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கம் பேர் செத்துப்போகிறார்கள் என்று நம்ப வேண்டும்; அல்லது பிணத்தை மறைக்க முடியவில்லை, விரலை மறைக்க முடிகிறது என்று நம்ப வேண்டும். இரண்டு நாட்டின் வரையறைகளும் அச்சாக ஒன்றில்லை என்பது சரிதான். வரையறை வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தரும்; நூறு மடங்கு தராது. வார்ப்படத் தூசியில் வரும் சிலிகோசிஸும், மில் இரைச்சலில் போகும் செவியும் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அவை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

இந்த நிலையில் மோசடியைக் கண்டுபிடிக்க மாதிரி வேண்டும் என்பவர்களோடு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் கோரிக்கைகள். அதில் 20 பொய் என்று வைப்போம். மாதிரி கெட்டிக்காரத்தனமானது, பொய்யில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நல்லவர்களில் 10 சதவீதத்தைத்தான் தவறாகச் சந்தேகிக்கும். பிடிபட்ட பொய்யர்கள் 18. சந்தேகத்தில் மாட்டிய நல்லவர்கள் 98. மாட்டிய 116 பேரில் ஆறில் ஐந்து பங்கு நிரபராதிகள். மாதிரி தப்புச் செய்யவில்லை; பொய் அரிதாக இருக்கும் இடத்தில் எந்த வலையும் இப்படித்தான் விழும். அந்த 98 பேரில் எத்தனை பேர் மூன்று முறை ரயிலேறி வந்து தன் விரலை நிரூபிப்பார்கள்?

சந்தேகத்துக்கு எதை அடையாளமாக வைப்பது என்பதும் பரம்பரையாக வருவது. தாமதமாகத் தெரிவிக்கப்பட்ட விபத்து, சாட்சி இல்லாத விபத்து, திங்கட்கிழமைக் காலை விபத்து என்று மேல்நாட்டுக் காப்பீட்டுக்காரர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாடி முறித்த காலைத் திங்கட்கிழமை ஆலைக் கணக்கில் எழுதுகிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் பிரையன் மெக்காலும் 1996இல் அதைச் சோதித்தார்கள். அது உண்மையானால், சொந்தமாக மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள்தான் திங்கட்கிழமை அதிகம் அடிபட வேண்டும். அப்படி எதுவும் தென்படவில்லை. தாமதம் என்ற அடையாளத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் இன்னும் விபரீதம். விபத்து அறிக்கையை அனுப்ப வேண்டியவர் முதலாளி. அவர் செய்த தாமதத்துக்குத் தொழிலாளியின் பெயரில் புள்ளி ஏறும்.

மிச்சிகன் மாநிலத்தில் இப்படி ஒரு கணினி ஓடியது. வேலையில்லாக் காலப் பணத்தில் மோசடி பிடிக்க 2013இல் வைத்த மிடாஸ் என்ற அமைப்பு, இரண்டு வருடத்தில் சுமார் 40,000 பேரைத் தவறாக மோசடிக்காரர்கள் ஆக்கியது. மனிதர் கை படாமல் கணினி தானே முடிவெடுத்த வழக்குகளை அரசு மறுபடி பார்த்தபோது 93 சதவீதம் தப்பு. நெதர்லாந்தில் மோசடி அபாயத்தைக் கணித்த சிரி என்ற அமைப்பை ஹேக் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் நிறுத்தியது. கணினி இல்லாமலும் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஊனக் காப்பீட்டில் பெரிய நிறுவனமான யூனம் நிராகரித்த, மூடிய கோப்புகளைப் பற்றிப் பல மாநிலங்கள் சேர்ந்து விசாரித்து, 2004இல் ஒன்றரைக் கோடி டாலர் அபராதத்தோடு இரண்டு லட்சம் பேர் வரை மறுபரிசீலனை கேட்க வழி திறந்தன. அங்கே ஆட்கள் உட்கார்ந்துதான் மூடினார்கள். நம் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கணினி தானாக எடுத்த முடிவை எதிர்க்க ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பதுபோல் தனி உரிமை இல்லை.

ஆனால் இதே கருவியை மறுபக்கம் திருப்பிப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஊன உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படிக்க 2006இல் பாஸ்டன் பகுதியில் ஒரு முன்கணிப்பு மாதிரியைத் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரித்தது. யாரைத் தள்ளலாம் என்று அது தேடுவதில்லை. யாருக்குக் கட்டாயம் கிடைத்துவிடும், அவரை ஏன் மாதக்கணக்கில் காக்க வைக்க வேண்டும் என்று தேடி, அந்தக் கோப்புகளை வரிசையில் முன்னால் தள்ளுகிறது. நியூசிலாந்தில் 1974 முதல் நாட்டில் அடிபட்ட எல்லோருக்கும் பொறுப்பேற்கும் விபத்து இழப்பீட்டுக் கழகம், 2014 முதல் கோரிக்கைகளைத் தரம் பிரிக்க ஒரு மாதிரியைப் பயன்படுத்தி வந்தது. அது 2017இல் வெளியே தெரிந்து சர்ச்சையாயிற்று. 2018இல் கொண்டுவந்த முறையில் ஒரு வரம்பு வைத்தார்கள்: எளிய கோரிக்கையைக் கணினி ஏற்கலாம், நிராகரிக்கக் கூடாது. சந்தேகம் உள்ளதெல்லாம் மனிதரிடம் போகும். இயந்திரத்துக்கு ‘ஆம்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் கற்றுக்கொடுத்த இந்த ஏற்பாடு, எனக்கு அண்மையில் தெரிந்த நிர்வாக யோசனைகளில் ஆக நல்லது.

கும்மிடிப்பூண்டிக்கு அதுவும் போதாது. ‘ஆம்’ சொல்லக் கோரிக்கை முதலில் வர வேண்டும். ஆகவே இங்கே மாதிரியின் முதல் வேலை, வராத கோரிக்கையைக் கணிப்பதுதான். இதற்கு வேண்டிய தரவு அரசிடமே இருக்கிறது. ஒரு மில்லுக்கு மாதம் எத்தனை பேருக்குப் பங்களிப்பு கட்டப்படுகிறது என்பது கழகத்துக்குத் தெரியும். அந்த மில் எத்தனை யூனிட் மின்சாரம் இழுக்கிறது என்பது மின்வாரியத்துக்குத் தெரியும். இத்தனை டன் இரும்பை உருட்ட இத்தனை மின்சாரம், இத்தனை ஆள் என்பதை அந்தத் தொழிலில் இருக்கும் எந்த மேஸ்திரியும் விரல்விட்டுச் சொல்வார். முன்னூறு பேருக்கு உண்டான மின்சாரம் ஓடி, நாற்பது பேருக்குப் பணம் கட்டி, ஐந்து வருடமாக ஒரு விபத்து அறிக்கையும் அனுப்பாத ஆலையை மாதிரி பட்டியலின் தலையில் வைக்க வேண்டும். வழக்கமான மாதிரி அதே ஆலைக்குப் பாதுகாப்பு விருது கொடுத்துவிடும்.

இரண்டாவது வேலை, அடிபட்ட முதல் சில மணி நேரத்தில். துண்டான விரலைச் சுத்தமாகப் பொதிந்து, ஐஸில் நேரடியாகப் படாமல் குளிர்ச்சியாக வைத்து, தகுந்த இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுபோனால் திரும்ப ஒட்டும் வாய்ப்பு உண்டு. தாமதமாக ஆக அது குறைகிறது. வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு நாடறிந்த ஒன்று; கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை வரும் வழியில்தான் இருக்கிறது. எந்தக் காயத்தைப் பக்கத்து நர்ஸிங் ஹோமில் தையல் போட்டு மூடலாம், எதை உடனே வண்டியில் ஏற்ற வேண்டும் என்று முதல் போனிலேயே சொல்ல ஒரு கணிப்பு உதவும் என்றால், மிச்சமாவது காப்பீட்டுப் பணம் மட்டும் இல்லை, விரலும்தான். காப்பீட்டு நிறுவனங்கள் மாதிரி வாங்கும்போது இந்தப் பயனை விற்பனையாளர் கடைசிப் பக்கத்தில் காட்டுவார்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு, தரவைச் சுத்தம் செய்பவர் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். குருகிராமில் தொடங்கிய சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு, வாகன உதிரி பாகத் தொழிலில் விரலும் கையும் இழந்தவர்களைப் பற்றி 2019 முதல் ‘கிரஷ்டு’ என்ற பெயரில் அறிக்கை வெளியிட்டு வருகிறது. பவர் பிரஸ்தான் முதல் எதிரி என்பது அதில் எதிர்பார்க்கக்கூடிய செய்தி. எதிர்பாராதது: அவர்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஈஎஸ்ஐ அட்டை விபத்து நடந்த அன்றோ அதற்குப் பிறகோதான் கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரைப் பதிவு செய்ய முதலாளிக்கு 10 நாள் அவகாசம் உண்டு. ஆகவே மூன்று வருடமாக அதே பிரஸ்ஸில் நின்றவர், விரல் போன அன்று மதியம், ‘நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்’ ஆகிறார். முதலாளிக்கு மூன்று வருடப் பங்களிப்பு மிச்சம். தொழிலாளிக்குச் சிகிச்சையும் மாதாமாதப் பயனும் கிடைத்துவிடும் என்பதால் அவரும் தலையாட்டிவிடுகிறார். கிளை அலுவலகத்துக்கும் அது தெரியும்.

அந்தப் பதிவுகளை ஒரு மாதிரிக்குள் கொட்டினால், வயது, வேலை, ஆலை, ஷிப்ட் எல்லாவற்றையும் பின்தள்ளிக்கொண்டு விபத்துக்கு ஆகப் பெரிய காரணமாக ஒன்று மேலே வந்து நிற்கும். பணி அனுபவம்: ஒரு நாள்.